அழுவதற்கு முன் ஒரு போன்

அத்தியாயம் 14

போன வாரம், "நான் நேர்லயே வந்து பேசிக்கிறேன்" என்று போனைப் படாரென்று வைத்தானே சின்னவன், அவன் இன்னும் வந்து சேரவில்லை. ரயிலில் இருக்கிறானா, கோபத்தில் இருக்கிறானா, இரண்டிலுமே இருக்கிறானா என்று தெரியாமல் வீடு விடிந்ததிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவன் கோபம் என்னவென்று இன்றைக்குத்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கும் சொல்லிவிடுவோம். அப்பா தன் மூளையை எழுதிக் கொடுத்துவிட்டார். காலம் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான். கை நடுக்கத்தில் தொடங்கி ஆளையே மெல்ல மெல்ல இறுக்கிப் போடுகிற பார்க்கின்சன் நோய் அவருக்கு வந்து வெகு காலமாகிறது. அந்த நோய் உள்ளே என்னதான் செய்கிறது என்று கண்டுபிடிக்க, இறந்தவர்களின் மூளையை வாங்கி வைத்து ஆராய்கிற இடம் ஒன்று இருக்கிறது. மூளை வங்கி என்று பெயர். அதில் அப்பா சேர்ந்தது அம்மாவுக்குத் தெரியும், பெரியவளுக்குத் தெரியும். தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சின்னவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தார்கள். இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல நல்ல நேரம் என்று ஒன்று வந்தால்தானே? போன வாரம் அம்மாவின் வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது.

இதில் கூத்து என்னவென்றால், வங்கியிலிருந்து நர்ஸ் வருகிற நாளும் இன்றைக்குத்தான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து அப்பாவின் கையையும் காலையும் ஞாபகத்தையும் சோதித்துக் குறித்துக்கொண்டு போவார்.

"சொல்லுங்க. சாவி," என்றாள் அம்மா.

"சாவி."

"அடுத்தது?"

அப்பா யோசித்தார். யோசிக்கிறாரா, சும்மா பார்க்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிரிப்பு, கிண்டல், கோபம் எல்லாவற்றையும் நோய் வழித்து எடுத்துவிட்டு எல்லா வேளைக்கும் ஒரே முகத்தை மாட்டிவிட்டிருந்தது.

"மழை," என்றார் கடைசியில். குரல் சட்டைக் காலரைத் தாண்டவில்லை.

"அப்படிப் போடுங்க. அப்புறம் குதிரை. குதிரைக்கு அப்புறம்?"

பெரியவள் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். "போதும்மா. விடும்மா அவரை."

"நீ உன் வேலையைப் பாருடி. பரீட்சைக்குப் போற பிள்ளையைப் படிக்காம அனுப்புவாங்களா யாராவது?"

அம்மாவின் ஏற்பாடு வார்த்தைகளோடு நிற்கவில்லை. நர்ஸ் வருகிற சமயத்தில் மாத்திரை நன்றாக ஏறியிருக்க வேண்டும் என்று காலை மாத்திரையை நேரம் பார்த்துத் தள்ளிக் கொடுத்திருந்தாள். தேதி கேட்டால் சொல்வதற்காக, பெரிய எழுத்துக் காலண்டரைக் கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாள். போன வருஷமும் இதே கூத்துதான் நடந்தது. புருஷன் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்கிற வீம்பு என்று பெரியவள் நினைத்தாள். தப்பு என்று தெரியும். ஆனால் அம்மாவோடு சண்டை போடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அவளிடம் மிச்சமிருந்த தெம்பெல்லாம் பட்டன் போடுவதற்கே சரியாக இருந்தது.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று சிரிக்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஓரத்தில் ஒரு துளி கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் போச்சு. இந்த மாதம் அப்படிச் சில போயிருந்தன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மூளியான லென்ஸ்களை அவள் மேஜையிலேயே ஓரமாக வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

நர்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். இரண்டாவது மாடி. ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு உயிர் கொடுத்த மெக்கானிக்கான அப்பா குடியிருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அப்பா படியிறங்கித் தெருவுக்குப் போயும் ரொம்ப நாளாகிறது.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நீங்க வந்தாச்சு. நான் இன்னும் போகல," என்றார் அப்பா. முகத்தில் ஒன்றும் தெரியாததால் அது ஜோக் என்று பிடிபட நர்ஸுக்குச் சற்று நேரமாயிற்று. பிடிபட்டதும் நன்றாகச் சிரித்தார்.

சோதனை ஆரம்பமானது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். முதலில் நாலைந்து தடவை நன்றாக வந்தது. பிறகு விரல்கள் ஒன்றையொன்று தேட ஆரம்பித்தன. வாசல்வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். பாதி தூரம் ஒழுங்காகப் போனவர் நிலைப்படிக்கு முன்னால் தரையோடு ஒட்டிக்கொண்டார். பெரியவள் எழுந்து போய்த் தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். அதைத் தாண்டுவதாக நினைத்து அவர் காலைத் தூக்கினார். இந்த வித்தையை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இப்போ அஞ்சு வார்த்தை சொல்றேன் ஐயா. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பக் கேட்பேன். ஜன்னல், தேன், ஆடு, சட்டை, நீலம்."

சமையலறை வாசலில் நின்ற அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. படித்ததெல்லாம் ஒன்று, வந்த கேள்வி வேறொன்று.

நர்ஸ் தேதி கேட்டார். அப்பா காலண்டரைப் பார்த்துச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டு எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார வைத்தார். பிறகு நர்ஸ் கேட்டார்: "நான் முதல்ல சொன்ன அஞ்சு வார்த்தை என்ன ஐயா?"

அப்பா நிமிர்ந்தார். "சாவி, மழை, குதிரை, நூல், மஞ்சள்."

ஒரே மூச்சில் வந்தது. அவ்வளவு தெளிவாக அவர் பேசிப் பெரியவள் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. வாசலில் நின்ற அம்மாவின் தலை, அவளை மீறி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆடிவிட்டது.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இது போன வருஷம் வரைக்கும் கேட்ட வார்த்தையாச்சே. இந்த வருஷம்தான் மாத்தினோம்."

பெரியவள் தரையைப் பார்த்தாள்.

"காலைல இவ சொல்லிக் கொடுத்தா," என்றார் அப்பா. காட்டிக் கொடுக்கிற எண்ணமெல்லாம் இல்லை. கேள்வி வந்தது, பதில் சொன்னார்.

"போன வருஷமுமா?" நர்ஸ் அம்மாவைத்தான் கேட்டார். "அதுக்கு முந்தின வருஷத்தைவிட நல்லாப் பண்ணியிருந்தார். எங்க டாக்டர் ஆச்சரியப்பட்டு, மருந்து ஏதாவது மாத்தினாங்களான்னு விசாரிக்கச் சொன்னார். நானும் விசாரிச்சேன். இல்லைன்னீங்க."

"மருந்து மாத்தலை. அது உண்மைதானே," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளுக்கே அது நிற்காது என்று தெரிந்துவிட்டது. முந்தானையைப் பிடித்துத் திருகினாள். "தப்பா எடுத்துக்காதம்மா. மார்க் குறைஞ்சா பேரை எடுத்துடுவீங்களோன்னு பயம்."

"எதுலேருந்து?"

"உங்க இடத்துலேருந்துதான். நல்லா இருந்தாத்தானே கேட்டு வாங்குவாங்க? கெட்டுப்போனதை யாரு வாங்குவா?" அம்மாவின் குரல் உடைந்தது. "ரிட்டையர் ஆகி வந்தப்புறம் இவரை ஒருத்தரும் எதுக்கும் கூப்பிடலை. அதுக்கப்புறம் வியாதி. எல்லாரும் இவருக்குச் செய்யறதுதான். இவர்கிட்ட எதையும் கேட்கறவங்க இல்லை. நீங்கதான் கேட்டீங்க. சேர்ந்துட்டார்னு உங்க கடுதாசி வந்த அன்னிக்கு இவர் சாப்பிட்ட சாப்பாட்டை நீ பார்த்திருக்கணும். அதையும் வேண்டாம்னு திருப்பிட்டீங்கன்னா இவர் தாங்குவாரா?"

பெரியவள் இத்தனை நாளாக இதை வீம்பு என்று நினைத்துக்கொண்டு, உள்ளுக்குள் அம்மாவை ஏளனம் செய்துகொண்டு இருந்திருக்கிறாள். ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு வாழ்ந்தும் இந்த பயம் அவள் கண்ணில் படவே இல்லை.

நர்ஸ் எழுந்து போய் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார். "அம்மா, நாங்க கேட்கறதே கெட்டுப்போனதைத்தான். எந்த இடத்துல எவ்வளவு கெட்டிருக்குன்னு அங்கே மெல்லிசா அறுத்துப் பார்ப்பாங்க. உயிரோட இருந்தப்போ இவருக்கு என்னென்ன முடியாமப் போச்சுன்னு நான் எழுதினது பக்கத்துல இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது புரியும். ஞாபகம் பிரமாதம்னு நான் எழுதி, அங்கே பார்த்தா வேற மாதிரி இருந்தா, பார்க்கறவங்க குழம்பிப் போயிடுவாங்க. இவர் கொடுத்தும் பிரயோஜனம் இல்லாமப் போயிடும்."

"வாட்ச்மேன்," என்றார் அப்பா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிடுவாங்க. நான் போறதுக்குள்ள... வாட்ச்மேன் மெயினை அணைச்சுப் போட்டு ஓட வெச்சிருப்பான். எல்லாம் சரியாயிடுச்சு சார்ம்பான்." அப்பா மூச்சு எடுத்துக்கொண்டார். "சரியாகி இருக்காது. எங்கே நின்னுச்சு, எப்படி நின்னுச்சு, எனக்குத் தெரியாமப் போயிடும். திரும்ப நிக்கும். உள்ளே ஆளோட."

"நானா வாட்ச்மேன்?" என்றாள் அம்மா.

"நீதான்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் புதுத் தாள் எடுத்தார். "இப்போ நிஜத்தைச் சொல்லுங்க. யார் சொன்னாலும் சரி."

பெரியவள் சொன்னாள். அப்பா எதிரே இருக்கும்போது அவரைப் பற்றி அவர் இல்லாத மாதிரி பேசுவது கொடுமையாக இருந்தது. இருந்தாலும் ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவும் முடியவில்லை. படுக்கையில் புரட்டிவிட அவளை எத்தனையோ தடவை எழுப்புகிறார். சாயங்காலமானால் காலி நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அவருக்கும் டீ கொடுக்கச் சொல்கிறார். குளியலறைக்குப் போகிற வழி சில நாள் மறந்துவிடுகிறது. சாப்பாடு தொண்டையில் நிற்கிறது.

"வேற?"

பெரியவள் தயங்கினாள். "ஒரு தடவை என்னை யாருன்னு கேட்டார். ஒரே ஒரு தடவைதான்."

"எப்போ?" என்று கேட்டது அப்பா.

"போன மாசம்பா."

"நீ சொல்லலையே."

"சொல்லி என்னப்பா ஆகப்போகுது."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் தேவலையே என்று அவள் தவித்தாள். பிறகு அவர் நர்ஸ் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க," என்றார்.

எழுதி முடித்துவிட்டு நர்ஸ் கடைசி விஷயத்துக்கு வந்தார். வருஷா வருஷம் சொல்வதுதான். ஆனால் இந்த வருஷம் அதை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அந்த நேரம் வரும்போது முதல் போன் எங்களுக்குத்தான் பண்ணணும்மா. சொந்தக்காரங்களுக்கு முன்னாடி. பிள்ளைக்குக்கூட முன்னாடி. நேரம் போகப் போக உள்ளே எல்லாம் மாறிடும். ஒரு நாளைக்குள்ள அங்கே கொண்டுபோயாகணும். எடுத்துட்டு உடம்பை உடனே உங்ககிட்ட திருப்பிக் கொடுத்துடுவோம். முகத்துல ஒண்ணும் தெரியாது."

"அழறதுக்கு முன்னாடியா?" என்று கேட்டாள் அம்மா.

நர்ஸ் சற்று யோசித்தார். "ஆமாம்மா. முடிஞ்சா, அழறதுக்கு முன்னாடி."

"சரி," என்றாள் அம்மா. "அழுகை எங்கே போயிடப் போகுது."

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

சின்னவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு பை, கண்ணில் தூக்கமில்லை. ஆள் என்னவோ மலை மாதிரி, ஆனால் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே குன்றிப்போனான். வந்து ஒரு வருஷம் இருக்கும். போனில் கேட்கிற அப்பா வேறு, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிற அப்பா வேறு என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. குனிந்து அவர் கையைப் பிடித்தான். நடுக்கம் அவன் கைக்கும் ஏறியது.

"இவங்கதானா அது?" என்று நர்ஸைப் பார்த்துக் கேட்டான்.

"நான்தான் தம்பி."

"எங்கப்பா இன்னும் இருக்காருங்க."

"அதனாலதான் வந்திருக்கேன். இருக்கறவரைக்கும்தான் எனக்கு இங்கே வேலை."

அவன் அதற்கு ஒரு பதிலை ரயிலிலேயே தயார் செய்துவைத்திருப்பான் போல. அதை விட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தான். உட்கார்ந்து அம்மா நீட்டின தண்ணீரைக் குடித்தான்.

"நான் சண்டை போட வரலை. சண்டையெல்லாம் ரயில்லயே தனியா உட்கார்ந்து போட்டு முடிச்சுட்டேன்," என்றான். "அக்கா, நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும். அதை விடு. நான் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். புது வீடு தரைத்தளம். படி கிடையாது. வாசல்ல நாற்காலி போட்டா தெருவைப் பார்க்கலாம். வீட்டுல பேசிட்டேன், அவளுக்கும் சம்மதம். பகல்ல பார்த்துக்க ஆளும் சொல்லி வெச்சிருக்கேன். இத்தனை வருஷம் நீ பார்த்துட்ட. இனிமே என் முறை."

நல்ல பிள்ளை. அதுதான் சங்கடமே. கெட்டவனாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம்.

நர்ஸ் தொண்டையைச் செருமினார். "இதை நான் சொல்லித்தான் ஆகணும். துறைமுகம் பக்கம் எங்க ஆட்கள் கிடையாது. அங்கேருந்து நேரத்துக்குள்ள கொண்டுவரவும் வழியில்லை. ஐயா அங்கே குடிபோனா, அவர் பேரை எங்க பதிவுலேருந்து எடுக்க வேண்டியிருக்கும்."

"அப்படின்னா சரி. நான் ஒண்ணும் தடுக்கலையே," என்றான் சின்னவன். பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவன் குரல். "தானா அமைஞ்சு போச்சு."

நர்ஸை வழியனுப்பப் பெரியவள் மாடிப்படிவரை போனாள். நர்ஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயா எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம். நாங்க யாரும் எதுவும் நினைக்க மாட்டோம். ஆனா அதை அவர் சொல்லணும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நீங்க ஒழுங்காத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

"தூங்கறேனே," என்றாள் பெரியவள்.

மத்தியானம் சின்னவன்தான் அப்பாவுக்கு ஊட்டிவிட்டான். கொஞ்சம் வேகமாக ஊட்டினான். அப்பா விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி வந்து நின்றது. "மெதுவாடா, தொண்டையைப் பாரு," என்று பெரியவள் சொல்லச் சொல்ல அவன் கற்றுக்கொண்டான். இருபது டன், முப்பது டன் பெட்டிகளைப் பூப்போல இறக்கி வைக்கிறவன், ஒரு கரண்டிக் கூழுக்கு வியர்த்துப்போனான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். வேறு ஒருவர் அப்பாவுக்கு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள். கண் சொக்கிற்று.

"அக்கா."

விழித்தாள்.

"உன்னைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குக்கா," என்றான் சின்னவன். "அப்பாவுக்கு முன்னாடி நீ படுத்துடுவே போல இருக்கு. நீயே சொல்லு. அப்பா இங்கேதான் இருக்கணும், அவங்களுக்குக் கொடுத்தே ஆகணும்னு நீ சொன்னா, நான் இப்பவே கிளம்பிடறேன். மறுபடி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். உன்மேல சத்தியம்."

அம்மா அவளைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

சொல்ல வேண்டியது என்னவென்று பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதாண்டா, அவர் இங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான். வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. அதே சமயம் வேறொன்றும் வந்து நின்றது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் விடிந்த பிறகுதான் எழுந்திருப்பது. ஒரு சத்தத்துக்கும் எழுந்திருக்க வேண்டாம். கடையில் லென்ஸ் மூளியாகாமல் ஒரு நாள். யாருக்கும் பட்டன் போடாமல் வாசலைத் தாண்டிப் போகிற ஒரு காலை. அதை நினைத்ததும் உடம்பெல்லாம் அப்படியே தொய்ந்தது. சொல்லுவோம், சொல்லுவோம் என்று இருந்தாள். வாய் வரவில்லை.

அப்பா அவளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"நான் போறேன்," என்றார் அப்பா.

"எங்கேப்பா?" என்றான் சின்னவன்.

"உன்னோடதான்." மூச்சு வாங்கினார். "தெருவைப் பார்க்கலாம்னியே."

"அப்போ அந்த மூளை வங்கி..."

"வரலைன்னு சொல்லிடு."

"நிஜமாவாப்பா? அப்புறம் வருத்தப்பட மாட்டீங்களே?"

"அதுக்கெல்லாம்... எனக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகுது," என்றார் அப்பா.

சின்னவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே அவர் தோளைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

பெரியவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை எப்படி மறைப்பது? வெயிலில் வந்தவன் வயிற்றில் தண்ணீர் இறங்குகிற மாதிரி அது உள்ளே இறங்கியது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது. ஞாபகம் தப்புகிறது, வழி தப்புகிறது, பெற்ற பெண்ணையே யார் என்று கேட்கிறார் என்று காலையில்தான் அவள் தன் வாயாலேயே சொல்லி எழுத வைத்தாள். அந்த மனுஷன் அவள் முகத்தைப் பார்த்து, அவள் சொல்லாததை ஒன்று விடாமல் தெரிந்துகொண்டுவிட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து கழுவி வைத்தாள். அம்மா அவளுக்கு முன்பே அங்கே வந்து, ஒன்றும் இல்லாத அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெருவைப் பார்க்கணும்னு என்னிக்காவது கேட்டிருக்காரா அவர்?" என்று கேட்டாள் அம்மா, திரும்பாமல்.

"இல்லம்மா."

"நீ ஒரு வார்த்தை, இருங்கப்பான்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்மா."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். வந்து மகளின் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை திட்டுகிறதா தட்டிக் கொடுக்கிறதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

கூடத்தில் சின்னவன் எந்தக் கிழமைக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா பதில் சொல்ல எப்போதும்போல நேரம் எடுத்துக்கொண்டார். பத்தடி நடந்து போனால் கூடம். போய்ச் சொல்வதற்கு இன்னும் அவகாசம் இருந்தது. பெரியவள் குழாயைத் திறந்து, கழுவி முடித்த தட்டையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.